அப்டேட் முடிஞ்சுது, ஆனா லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இரவு ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வருகிறீர்கள். பல நாளாகத் தள்ளிப்போட்ட விண்டோஸ் 11 அப்கிரேடுக்கு 'ஓகே' கொடுத்துவிட்டுத் தூங்குகிறீர்கள். எழுந்து பார்த்தால் கருப்புத் திரை. இல்லையென்றால், சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகள். அதுவும் இல்லையென்றால், கேள்வியேபட்டிராத 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும் நீலத் திரை.

குருபரப்பள்ளி சிப்காட் போன்ற இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் சூளகிரியும் ஓசூரும். ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போகவே லீவு நாள் வேண்டும். கொஞ்சம் வசதி இருந்தால் பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போகலாம். போனாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மேட் பண்ணிடலாமா?"

அந்தக் கேள்விக்கு 'சரி' என்று சொல்வதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அப்கிரேடுக்குப் பிறகு பூட் ஆகாத கம்ப்யூட்டரில் உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அவை உண்மையில் அழிவது, அதன் பிறகு அவசரத்தில் நாம் எடுக்கும் முடிவுகளால்தான்.

ஏன் இப்போது இவ்வளவு பேருக்கு இந்தப் பிரச்சினை?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025 அன்று நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் 13 அக்டோபர் 2026 வரை நீட்டிக்கப்பட்டன. அதனால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களும் விண்டோஸ் 11-க்கு மாறும் கட்டாயத்துக்கு வந்தார்கள்.

ஆனால் விண்டோஸ் 11 எல்லாக் கம்ப்யூட்டரையும் ஏற்றுக்கொள்ளாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. இவற்றைத் தாண்டிக் குதிக்க யூடியூபில் ஏகப்பட்ட வழிகள் உண்டு. சிலருக்கு அது வேலையும் செய்கிறது. ஆனால் 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு, சில அடிப்படைக் கட்டளைகள் இல்லாத பழைய பிராசசர்களில் தொடங்கவே தொடங்காது. கோர் 2 டுவோ காலத்துக் கம்ப்யூட்டரில் இதைப் போட்டால், எந்த ரிப்பேரும் உதவாது. பழைய விண்டோஸுக்குத் திரும்புவது அல்லது லினக்ஸுக்கு மாறுவதுதான் வழி.

பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டர் 'ஆன்' ஆவது நான்கு கட்ட ரிலே ஓட்டம்.

முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் (இப்போது அதன் பெயர் யுஇஎஃப்ஐ) விழித்து, ரேம், டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டாவதாக, டிஸ்க்கின் ஓரத்தில் பொதுவாக 100 எம்.பி. அளவே இருக்கும் ஒரு சின்னப் பகுதியில் 'பூட் மேனேஜர்' என்ற புரோகிராமைத் தேடிப் பிடிக்கிறது. மூன்றாவதாக, பூட் மேனேஜர் விண்டோஸின் மையப் பகுதியையும் முக்கிய டிரைவர்களையும் எழுப்புகிறது. நான்காவதாக, மற்ற சேவைகள் தொடங்கி லாகின் திரை வருகிறது.

அப்கிரேட் கைவைப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்காம் கட்டங்களில்தான். உங்கள் போட்டோ, சர்டிஃபிகேட், ஆஃபர் லெட்டர், பிஎஃப் பேப்பர் எல்லாம் அதே டிஸ்க்கில் வேறு இடத்தில் இருக்கின்றன. வாசல் பூட்டு மக்கர் செய்கிறது, பீரோ உள்ளே அப்படியே இருக்கிறது. பூட்டு திறக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை.

ஆக, முதல் வேலை ஓட்டம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பது. அதைத் திரையே சொல்லிவிடும்.

திரையில் என்ன தெரிகிறது?

ஒன்று: எதுவுமே வரவில்லை, கம்பெனி லோகோகூட இல்லை. இது விண்டோஸ் வரை போகாத பிரச்சினை. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜர் போட்டு முயலுங்கள். பென்டிரைவ், டாக், பிரின்டர் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெளி மானிட்டரிலோ டிவியிலோ இணைத்துப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் ஹார்டுவேர் கோளாறாக இருக்கலாம். அப்கிரேட் நேரத்தில் அது தற்செயலாகவும் வரலாம்.

இரண்டு: 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற செய்தி. இரண்டாம் கட்டத்தில் நின்றிருக்கிறது. பயாஸுக்குள் போங்கள். பல பிராண்டுகளில் ஆன் செய்தவுடன் எஃப்2, எச்பி என்றால் எஃப்10. அங்கே உங்கள் எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் டிஸ்க் லூஸாகவோ பழுதாகவோ இருக்கலாம். தெரிந்தால் பூட் வரிசை மாறியிருக்கலாம் அல்லது 'லெகசி', 'யுஇஎஃப்ஐ' என்ற இரண்டு முறைகளில் தவறானது தேர்வாகியிருக்கலாம்.

மூன்று: 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்'. விண்டோஸ் எழுந்துவிட்டது, ஆனால் டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவர் கிடைக்கவில்லை. பயாஸ் ரீசெட் ஆகி ஸ்டோரேஜ் முறை ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி என ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தாலும் இது வரும். பழைய முறைக்கு மாற்றினால் பல நேரம் அப்படியே சரியாகிவிடும்.

நான்கு: புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு டிரைவர் ஒத்துப்போகவில்லை.

ஐந்து: லாகின் வரை வந்து, பிறகு கருப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் பிரச்சினை. விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும்.

ஆறு: 'ஸ்டாப் கோடு' உள்ள எரர் திரை. நாம் பார்த்துப் பழகிய அந்த நீலத் திரையை விண்டோஸ் 11-ல் 2025 முதல் கருப்பாக மாற்றிவிட்டார்கள். அதனால் 'கருப்பா இருக்கே, டிஸ்ப்ளே போச்சா' என்று பயப்பட வேண்டாம். மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். அந்தக் கோடுதான் நோயின் பெயர்.

ஏழு: 'பிட்லாக்கர் ரெகவரி' என்று சாவி கேட்கும் திரை. இதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், கீழே வருகிறது.

சரி, இப்போ என்ன பண்றது?

முதலில், காத்திருங்கள். திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். டிஸ்க் லைட் மின்னுகிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சார்ஜர் போட்டபடி இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பாதியில் பவரை நிறுத்துவதுதான் சின்னப் பிரச்சினையைப் பெரிதாக்கும்.

அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால், விண்டோஸின் உள்ளேயே இருக்கும் 'ரெகவரி' திரைக்குப் போக வேண்டும். தொடர்ந்து பூட் ஆகாமல் போனால் அது தானாகவே வரும். வரவில்லை என்றால், ஆன் செய்து லோகோ வந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணைத்துவிடுங்கள். இதையே இன்னொரு முறை செய்யுங்கள். மூன்றாவது முறை ஆன் செய்யும்போது 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும். அங்கிருந்து 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

உள்ளே இருப்பவற்றை இந்த வரிசையில் முயலுங்கள். டேட்டாவுக்கு ஆபத்து குறைவானவை முதலில் இருக்கின்றன.

1. ஸ்டார்ட்அப் ரிப்பேர்: பூட் மேனேஜர் கோளாறுகளைத் தானே தேடிச் சரிசெய்யப் பார்க்கும். உங்கள் ஃபைல்களைத் தொடாது.

2. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்: இதில் இரண்டு பட்டன்கள். மாதாந்திர அப்டேட்டால் வந்த பிரச்சினை என்றால் 'குவாலிட்டி அப்டேட்'. முழு அப்கிரேடால் வந்தது என்றால் 'ஃபீச்சர் அப்டேட்'. பழைய விண்டோஸின் ஃபைல்கள் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரில் வழக்கமாக 10 நாள்தான் இருக்கும். அதனால், அடுத்த மாசம் லீவு போட்டுப் பார்த்துக்கலாம் என்று விட்டால் இந்த வழி மூடிவிடலாம்.

3. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்: ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். குறைந்தபட்ச டிரைவர்களுடன் மட்டும் விண்டோஸ் திறக்கும். இதில் திறந்துவிட்டால் முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. பிறகு புதிதாக வந்த டிரைவரையோ ஆன்டிவைரஸையோ நீக்கிப் பாருங்கள்.

4. சிஸ்டம் ரெஸ்டோர்: முன்பே ரெஸ்டோர் பாயின்ட் உருவாகியிருந்தால் கைகொடுக்கும்.

5. ரீசெட் திஸ் பிசி: இது கடைசி. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் சொந்த ஃபைல்கள் இருக்கும், ஆனால் போட்டு வைத்த சாஃப்ட்வேர்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதன் அர்த்தம் அதன் பெயரிலேயே இருக்கிறது.

ரெகவரி திரையே வரவில்லையா? நண்பரின் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை உருவாக்குங்கள். பென்டிரைவில் இருப்பவை அழிந்துவிடும், அதனால் காலியானதை எடுங்கள். அதிலிருந்து பூட் செய்து, 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல் 'ரிப்பேர் மை பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே மெனு வரும்.

'கமாண்ட் பிராம்ப்ட்' பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடியோவைப் பார்த்துப் பார்த்து டைப் செய்யும்போது 'டிஸ்க்பார்ட்', 'கிளீன்' என்ற வார்த்தைகள் வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டும் சேர்ந்தால், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற விவரமே அழிந்துவிடும்.

மைக்ரோசாஃப்டே சொதப்பிய நாள்

எல்லாத் தவறும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று இல்லை. விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த அதே 14 அக்டோபர் 2025 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில் (கேபி 5066835) ஒரு வேடிக்கையான கோளாறு இருந்தது. விண்டோஸ் ஒழுங்காக ஓடும். ஆனால் மேலே சொன்ன ரெகவரி திரைக்குப் போனால் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாது. ரிப்பேர் செய்யும் அறைக்குள் போனபிறகு கையைக் கட்டிப்போட்ட மாதிரி! 20 அக்டோபர் அன்று அவசரத் திருத்தம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் பெரிது. 19 ஜூலை 2024 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட் ஒன்றால், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பூட் ஆகாமல் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது விண்டோஸ் அப்கிரேட் அல்ல, ஆனால் அறிகுறி ஒன்றேதான். தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை நீக்குவது. அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் பல நிறுவனங்களுக்கு அதைச் சரிசெய்ய நாள் கணக்கில் ஆனது. கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் போய் உட்கார வேண்டியிருந்தது ஒரு காரணம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் அதன் தனிச் சாவி தேவைப்பட்டது இன்னொரு காரணம். அந்தச் சாவிதான் நம் கதையின் முக்கியமான பகுதி.

அந்த 48 இலக்கச் சாவி

பிட்லாக்கர் என்பது உங்கள் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் பூட்டிவைக்கும் வசதி. லேப்டாப் திருட்டுப் போனாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க முடியாது. நல்ல விஷயம்தான். சிக்கல் என்னவென்றால், அது இயங்குவதே பலருக்குத் தெரியாது. 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், வசதியுள்ள கம்ப்யூட்டர்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. புதிய லேப்டாப் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான்.

சாதாரண நாள்களில் டிபிஎம் சிப் அந்தப் பூட்டைத் தானே திறந்துவிடும். பயாஸ் அப்டேட் ஆனாலோ, செக்யூர் பூட் மாறினாலோ, பூட் ஃபைல்கள் மாறினாலோ, 'யாரோ கைவைத்துவிட்டார்கள்' என்று சந்தேகப்பட்டுச் சாவியைக் கேட்கும். அப்கிரேட் நேரத்தில் மாறுவது இவையேதான்.

சாவி எங்கே இருக்கும்? உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில். மொபைல் பிரவுசரில் ஏகேஏ டாட் எம்எஸ் ஸ்லாஷ் மைரெகவரிகீ என்ற முகவரிக்குப் போய் லாகின் செய்தால் தெரியும். முகவரி அந்த ரெகவரி திரையிலேயே ஆங்கிலத்தில் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் அல்லது காலேஜ் கணக்கைச் சேர்த்து வைத்திருந்தால், சில நேரம் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். வேலையை விட்டதும் அந்தக் கணக்கு மூடப்படும். பழைய கம்பெனி ஐடி டீமிடம் போய்க் கேட்கும் நிலை வரலாம். லேப்டாப்பைக் கடைக்காரரோ நண்பரோ செட் பண்ணிக் கொடுத்திருந்தால், அவர் இமெயிலில்கூட இருக்கலாம்.

சாவி கிடைக்கவில்லை என்றால்? மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டாலும் புதிதாக உருவாக்கித் தர முடியாது. எஸ்.பி. ரோட்டில் எவ்வளவு கெட்டிக்காரரிடம் கொடுத்தாலும் திறக்காது. இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் டேட்டா நிஜமாகவே போய்விடுகிறது.

'பாஸ்' லினக்ஸ் நினைவிருக்கிறதா?

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இப்போது வேலைக்குப் போகும் பலருடைய முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஆன் செய்தால் 'எது வேணும்?' என்று கேட்கும் மெனு வருமே, அதுதான் டூயல் பூட்.

இப்போதும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் உபுண்டுவைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. விண்டோஸ் அப்கிரேட் பூட் வரிசையில் தன்னை முதலாவதாக நிறுத்திக்கொண்டால் லினக்ஸ் மெனு காணாமல் போகும். லினக்ஸ் அழியவில்லை, பயாஸில் பூட் வரிசையை மாற்றினால் திரும்பி வந்துவிடும். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட் ஒன்று, டூயல் பூட் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் லினக்ஸைத் திறக்கவே விடாமல் தடுத்தது. அதை முழுமையாகச் சரிசெய்ய மைக்ரோசாஃப்டுக்கு 2025 மே வரை ஆனது.

லினக்ஸால் ஒரு நன்மையும் இருக்கிறது. உபுண்டு பென்டிரைவ் ஒன்றிருந்தால், இன்ஸ்டால் செய்யாமலேயே 'டிரை' கொடுத்துத் திறந்து, விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம். பிட்லாக்கர் போட்டிருந்தால் இங்கேயும் அதே சாவி தேவை.

கம்பெனி லேப்டாப்பா? கையை எடுங்க!

ஆபீஸ் லேப்டாப் என்றால் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். சாவி ஐடி டீமிடம்தான் இருக்கும். திரையைப் போட்டோ எடுத்து டிக்கெட் போடுவதோடு உங்கள் வேலை முடிந்தது.

தொழிற்சாலையில் மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர்கள் இன்னும் நுட்பமானவை. டெஸ்டிங் ஜிக், லேபிள் பிரின்டர், பிஎல்சி சாஃப்ட்வேர் எல்லாம் குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்புக்கு எழுதப்பட்டிருக்கும். அப்கிரேட் வெற்றிகரமாக முடிந்தாலும் லைன் நிற்கலாம். இதனால்தான் இத்தகைய கருவிகளுக்கென்றே நீண்ட ஆதரவுள்ள பதிப்புகள் இருக்கின்றன. விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 13 ஜனவரி 2032 வரை ஆதரவு உண்டு. 'விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு' என்ற செய்தியைப் பார்த்து லைன் பிசியில் அப்கிரேட் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்வது?

"முதல்ல டேட்டாவை காப்பி எடுங்க. என்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணுங்க" என்ற இந்த வரியை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியில் ஃபார்மேட் செய்தபிறகு டேட்டாவை மீட்பது மிகக் கடினம். பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் அதற்கான வாய்ப்பு அநேகமாக இல்லை.

இன்னும் அப்கிரேட் செய்யாதவர்கள் என்ன செய்ய வேண்டும்?

- பிட்லாக்கர் சாவியைக் கண்டுபிடித்துப் பேப்பரில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமிக்காதீர்கள்.
- முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ நகல் எடுங்கள்.
- மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பில் உங்கள் கம்ப்யூட்டர் தகுதியானதா என்று பாருங்கள்.
- பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால், அதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக 'சஸ்பெண்ட்' செய்யுங்கள்.
- டிஸ்க்கில் போதிய இடம், லேப்டாப்பில் சார்ஜர், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ். மூன்றும் இருக்கட்டும்.
- மறுநாள் இன்டர்வியூவோ பிரசன்டேஷனோ இருந்தால் இன்று வேண்டாம். அப்டேட் ஒரு வாரம் காத்திருக்கும்.

இதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், முதல் வரியில் இருப்பதைச் செய்யுங்கள். மொபைலில் ஐந்து நிமிட வேலை. மற்ற எதுவும் பிறகு சரிசெய்யக்கூடியது.